சகாப்தம் என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சகாப்தம் என்பதன் நேர்ப்பொருள் என்ன?

சக, அப்தம் என்னும் இரண்டு வடசொற்கள் சேர்ந்து பிறந்த சொல் இது. அப்தம் என்றால் ஆண்டு. சகர் என்னும் மரபினரின் பெயரால் வழங்கிய ஆண்டுக் கணக்கே சகாப்தம். எனவே இச்சொல்லின் முதற்பொருள் 'பெரிய காலப்பகுதி' அன்று, கி.பி. 78-இல் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட ஆண்டுத் தொடர். நாம் இன்று 'புதிய சகாப்தம்' என்று எழுதும்போது கொள்ளும் பொருள் அதிலிருந்து வளர்ந்த இரண்டாம் பொருளாகும்.

அப்தம் தமிழருக்குப் புதிய சொல்லன்று. அறுபது வயது நிறைவில் நடக்கும் சஷ்டியப்தபூர்த்தியில் இருப்பது இதே அப்தந்தான்: சஷ்டி அறுபது, அப்தம் ஆண்டு, பூர்த்தி நிறைவு. பஞ்சாங்கத்தின் முதற்பக்கத்தில் கலியப்தம் என்று அச்சிட்டிருப்பதும் கலியாண்டையே குறிக்கும். வடமொழியில் அப்தம் என்பதற்கு மேகம் என்ற பொருளும் உண்டு. நீரைக் குறிக்கும் 'அப்பு' அதனுள் இருக்கிறது. வருஷம் என்ற சொல்லுக்கும் மழை, ஆண்டு என்று இரு பொருள்கள் உள்ளன. மழை வந்துபோவதை வைத்தே ஆண்டை எண்ணியவர்களின் சொற்கள் இவை.

சகர் என்பவர் யார்? ஏன் கி.பி. 78?

சகர்கள் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வடமேற்கு இந்தியாவுக்குள் வந்த மரபினர். அவர்களுள் ஒரு கிளையினர் குஜராத், மாளவம் ஆகிய பகுதிகளை ஆண்டனர். வரலாற்று நூல்கள் இவர்களை மேற்குச் சத்திரபர் என்று குறிப்பிடுகின்றன. இவர்களின் கல்வெட்டுகளிலும் காசுகளிலும் ஆண்டு எண்கள் தொடர்ச்சியாக வருகின்றன. ஜுனாகட்டிலுள்ள ருத்ரதாமனின் கல்வெட்டில் காணும் 72 என்னும் ஆண்டு கி.பி. 150-ஐ ஒட்டியது. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் 'சக' என்ற பெயர் இல்லை. எண்ணத் தொடங்கியவர்களுக்குத் தம் கணக்குக்குப் பெயர் தேவைப்படவில்லை என்பதே இதிலிருந்து தெரிகிறது. பெயர், பிறகு வந்தவர்கள் பிற கணக்குகளிலிருந்து பிரித்துக் காட்ட இட்டது.

இக்கணக்கைத் தொடங்கியவர் குஷாண மன்னர் கனிஷ்கர் என்று முன்பு பலர் கருதினர். கனிஷ்கரின் தொடக்க ஆண்டைக் கி.பி. 127 என்று கொள்ளும் கருத்து வலுப்பெற்ற பின், ருத்ரதாமனின் பாட்டனான சஷ்டனின் ஆட்சியோடு 78-ஐ இணைப்பதே பெரும்பாலான அறிஞர்களின் கொள்கையாக உள்ளது.

சாலிவாகன சகாப்தம் என்பது வேறு கணக்கா?

இல்லை, இரண்டும் ஒன்றே. சாலிவாகனன் என்னும் மன்னனின் பெயர் பல நூற்றாண்டுகள் கழிந்த பின் இதனோடு ஒட்டிக்கொண்டது. மரபுக்கதை, சாலிவாகனன் சகரை வென்றதன் நினைவாக இக்கணக்கு தொடங்கியதாகச் சொல்கிறது. பழைய கல்வெட்டுகளோ சக மன்னர்களுக்கு உரிய ஆண்டாகவே இதைக் குறிக்கின்றன. ஆக, வென்றவன் பெயரும் தோற்றவர் பெயரும் ஒரே தொடரில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. இந்த முரண்பாட்டைப் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை; கணக்கு சரியாக வந்தால் அவர்களுக்குப் போதும்.

சகம் என்றால் உலகம் அல்லவா? 'உலக ஆண்டு' என்று பொருள் கொள்ளலாமா?

கொள்ள இயலாது. உலகைக் குறிக்கும் சகம், ஜகம் என்பதன் தமிழ் வடிவம். சகாப்தத்தில் உள்ளது மரபினரின் பெயரான சக. 'சக மாணவர்' என்பதில் வரும் 'சக' மூன்றாவது சொல். தமிழெழுத்தில் மூன்றும் ஒன்றுபோல் தோன்றுவதால் இந்த மயக்கம் எழுகிறது.

ஒரு மரபினரின் ஆண்டுக் கணக்கு எப்படிப் பொதுச்சொல் ஆயிற்று?

இக்கணக்கு பரவிய அளவே காரணம். பெயர் சொல்லிச் சக ஆண்டைக் குறிக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று வாதாபியில், சாளுக்கிய மன்னன் முதலாம் புலிகேசியின் காலத்தது. அதன் ஆண்டு சக 465, அதாவது கி.பி. 543. இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் ஐஹோளே கல்வெட்டு, பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டுகளும் சக மன்னர்களின் காலத்தில் 556 ஆண்டுகளும் சென்றதாகக் கூறுகிறது. 556-உடன் 78-ஐக் கூட்டினால் 634. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சக ஆண்டு கடல் கடந்துவிட்டது. சுமத்ராவின் பழைய மலாய்க் கல்வெட்டொன்றில் சக 605 வருகிறது. கம்போடியாவில் கிடைத்த ஒரு கல்வெட்டிலும் அதே 605 இருக்கிறது. அதில் நடுவிலுள்ள சுழியைப் புள்ளியாகப் பொறித்திருப்பதால் கணித வரலாற்று நூல்களில் அதற்குத் தனி இடம் உண்டு. சாவகத்தில் (ஜாவாவில்) 1633-இல் சுல்தான் அகுங் நாட்காட்டியைச் சந்திரமான முறைக்கு மாற்றியபோதுகூட எண்ணைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகாமல், சக 1555-லிருந்து தொடர்ந்து எண்ணச் செய்தார். பாலித் தீவில் இன்றும் சகப் புத்தாண்டு நாள் நியெப்பி என்னும் பெயரில் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் 'ஆண்டுக் கணக்கு' என்றாலே சகக் கணக்குதான் என்ற நிலை இருந்தால், பெயர் பொதுச்சொல்லாக மாறுவது இயல்பு. நம் அண்டை மொழிகளே சான்று. கிறிஸ்து ஆண்டைக் குறிக்கத் தெலுங்கர் 'க்ரீஸ்து சகம்' என்றும் கன்னடர் 'கிரிஸ்த சக' என்றும் எழுதுகின்றனர். கிறிஸ்துவுக்கும் சகருக்கும் என்ன உறவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அம்மொழிகளில் சகம் என்றாலே ஆண்டுத் தொடர் என்றாகிவிட்டது. தமிழில் 'சக' என்னும் முதற்பகுதி மட்டும் தனியே பொதுச்சொல் ஆகவில்லை. சகாப்தம் என்ற முழுத்தொடரே அவ்வாறு ஆயிற்று. அதிலிருந்து, ஆண்டு எண்ணே இல்லாத காலப்பகுதிக்கும் அது நீண்டது.

கல்வெட்டில் சகாப்தம் எப்படி வரும்? அதைக் கி.பி. ஆண்டாக மாற்றுவது எப்படி?

விசயநகர ஆட்சிக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'சகாப்தம் 1435-இன் மேல் செல்லாநின்ற ஸ்ரீமுக வருஷம்' என்பது போன்ற வாய்பாட்டைக் காணலாம். இதைப் படிக்கும் புதியவர்கள் 'செல்லாநின்ற' என்பதை எதிர்மறையாகக் கொண்டு, 'செல்லாமல் நின்ற ஆண்டு' என்று எண்ணிவிடுவதுண்டு. அது எதிர்மறை அன்று. நிகழ்கால இடைநிலைகளாக நன்னூல் கூறும் ஆநின்று, கின்று, கிறு ஆகிய மூன்றில் முதலாவதே இங்கு வந்துள்ளது. 'செல்கின்ற' என்பதே பொருள். ஆகவே, சக ஆண்டு 1435 முடிந்துவிட்டது, அதன்மேல் இப்போது நடப்பது ஸ்ரீமுக ஆண்டு என்று கொள்ளவேண்டும்.

முடிந்த ஆண்டு எண்ணுடன் 78-ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். 1435-உடன் 78 சேர 1513. ஆயினும் சக ஆண்டு பிறப்பது மார்ச், ஏப்ரல் வாக்கில் ஆதலால், அந்த ஆண்டின் கடைசி மாதங்கள் அடுத்த கி.பி. ஆண்டுக்குள் விழும், தை, மாசி, பங்குனி ஆகிய மாதங்களில் வெட்டிய கல்வெட்டுக்குப் பெரும்பாலும் 79-ஐக் கூட்டவேண்டி வரும். தை மாதத்தின் முன்பாதிகூட இன்றைய கணக்கில் சனவரியில் விழுவதால், மாதம் சிதைந்துபோன கல்வெட்டுகளுக்கு '1513-14' என்று இரட்டையாக எழுதுவதே ஆய்வாளர் வழக்கம். அதைச் சோம்பல் என்று நினைக்கவேண்டாம்.

அறுபதாண்டுச் சுழற்சியின் பெயரும் உடன் இருந்தால் சரிபார்க்க எளிய வழி உண்டு. முடிந்த சக ஆண்டுடன் 12-ஐக் கூட்டி 60-ஆல் வகுத்து, மீதியைப் பிரபவ முதல் எண்ணிக்கொள்ள வேண்டும். 1435-உடன் 12 சேர 1447; அறுபதால் வகுக்க மீதி 7; பிரபவ முதல் ஏழாவது ஸ்ரீமுக. மீதி ஏதும் இல்லையென்றால் அறுபதாவதான அட்சய. கணக்கில் வரும் பெயரும் கல்லில் உள்ள பெயரும் ஓர் ஆண்டு விலகி நின்றால், எழுதியவர் முடிந்த ஆண்டுக்குப் பதிலாக நடப்பு ஆண்டைக் குறித்திருக்கக்கூடும். அவ்வாறு நேர்வது அரிதன்று. விலகல் பல ஆண்டுகளாக இருந்தால் எண்ணைப் படித்ததில்தான் முதலில் ஐயம் கொள்ளவேண்டும்.

சோழர் கல்வெட்டுகளிலும் சகாப்தம் உண்டா?

பெரும்பாலானவற்றில் இல்லை. சோழரும் பாண்டியரும் தம் ஆட்சியாண்டைக் கொண்டே எழுதினர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்குப் பொன்வேய்ந்த கலசத்தை இராசராசன் அளித்தது அவனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நாள்வரை கணக்கிட்ட இத்துல்லியத்தைக் கொண்டு மட்டும் அது எந்தக் கி.பி. ஆண்டு என்று சொல்ல இயலாது. மன்னன் எப்போது முடிசூடினான் என்பதை வேறு சான்றுகளால் அறியவேண்டும். இராசராசன் ஆட்சியேறியது 985 என்று நிறுவிய பின்னரே அந்த ஆண்டு 1010 என்று தெளிவாயிற்று.

ஆட்சியாண்டு முறைக்கும் சகாப்த முறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மன்னன் மாறினால் ஆட்சியாண்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும், சகாப்தம் யார் வந்தாலும் போனாலும் தொடர்ந்து ஓடும். ஒரு நிகழ்ச்சி அதைத் தொடங்கி வைத்திருக்கலாம், ஆனால் அந்நிகழ்ச்சியை மறந்தவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். சொல்லின் இன்றைய பொருளை எடைபோடுவதற்கும் இவ்வேறுபாடு உதவும் என்பது என் எண்ணம்.

யுகம், ஊழி, சகாப்தம்: மூன்றும் ஒன்றா?

பேச்சு வழக்கில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிடுகிறது. எழுத்தில் பிரித்துக் கொள்வது நல்லது. யுகம் புராணக் கால அளவையைச் சேர்ந்தது. கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று நான்காக எண்ணி, கலிக்கு மட்டும் 4,32,000 ஆண்டுகளும், மற்றவற்றுக்கு முறையே அதன் நான்கு, மூன்று, இரண்டு மடங்கும் கூறுவர். கலியின் தொடக்கம் கி.மு. 3102. 'கணினி யுகம்', 'அணு யுகம்' என்று நாம் எழுதும்போது அந்த எண்கள் உதிர்ந்துபோய், உலகத்தின் இயல்பே மாறிய நீண்ட காலம் என்ற கருத்து மட்டும் எஞ்சுகிறது.

ஊழி தமிழ்ச்சொல், இம்மூன்றில் மிகவும் கனமானதும் அதுவே. 'ஊழி பெயரினும் தாம்பெயரார் சான்றாண்மைக்கு ஆழி எனப்படு வார்' என்னும் குறளில், கடல்கள் நிலைபெயர்ந்து உலகம் முடியும் காலமே ஊழியாக வருகிறது. அதனால்தான் 'ஊழிக்காலம்' என்றதும் நமக்கு வெள்ளமும் தீயும் நினைவுக்கு வருகின்றன. சகாப்தத்துக்கு இந்த அச்சம் கிடையாது. அது மனிதர் நடத்திய வரலாற்றுக்குள் அடங்கிய சொல். அதன் தொடக்கத்தைத் தேதியிட்டுச் சொல்ல முடியும், அல்லது சொல்ல முயலவாவது முடியும்.

'மூன்று சகாப்தங்களாகப் பணியாற்றினார்' என்று எழுதலாமா?

எழுதியவர் முப்பது ஆண்டுகளைக் கருதியிருந்தால் அது பிழை. பத்தாண்டைக் குறிப்பது தசாப்தம். தச என்றால் பத்து. நூற்றாண்டுக்குச் சதாப்தம் என்ற சொல்லும் உண்டு, ஆனால் தமிழில் நூற்றாண்டு நன்றாக வேரூன்றிவிட்டதால் அதற்கு வேலை இல்லை. இலங்கைத் தமிழில் தசாப்தம் செய்தித்தாள்களிலும் அன்றாட எழுத்திலும் இயல்பாக வழங்குகிறது. 'மூன்று தசாப்தகால யுத்தம்' என்பதை அங்கே யாரும் விளக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அச்சொல் அவ்வளவு பழக்கமில்லாததால், காதில் விழும்போது சகாப்தமாக மாறிவிடுகிறது. ஐயம் இருந்தால் 'முப்பது ஆண்டுகள்' என்று எழுதிவிடலாம். எவரும் குறைசொல்லப் போவதில்லை.

'பல்லவர் சகாப்தம்', 'சங்க சகாப்தம்' என்று எழுதுவது சரியா?

தமிழ் வரலாற்று எழுத்தில் அந்த இடத்துக்கு உரிய சொல் காலம். சங்க காலம், களப்பிரர் காலம், பல்லவர் காலம், நாயக்கர் காலம் என்பனவே வழக்கு; புதிய கற்காலம், இரும்புக் காலம் என்பனவும் அவ்வாறே. 'பல்லவர் சகாப்தம்' என்றால், பல்லவர் தொடங்கி வைத்த ஓர் ஆண்டுக் கணக்கு இருந்தது போல ஒலிக்கும்; குப்தருக்கு கி.பி. 319-20-இல் தொடங்கும் அத்தகைய கணக்கு உண்மையிலேயே இருந்ததால் 'குப்த சகாப்தம்' என்ற தொடருக்கு வேறு, திட்டமான பொருள் இருக்கிறது. கி.மு. 57-இல் தொடங்கும் விக்கிரம சகாப்தமும் அப்படியே. இவ்விரண்டையும் 'குப்தர் காலம்', 'விக்கிரமன் காலம்' என்று மாற்றி எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

காலகட்டம் என்பது ஒரு காலத்துக்குள் அடங்கிய சிறு பகுதிக்கு ஏற்றது. சிலர் எல்லா இடத்திலும் காலகட்டம் என்றே எழுதுகின்றனர். 'அந்தக் காலகட்டத்தில்' என்பதில் பாதிக்குமேல் 'அப்போது' என்றால் போதும்.

'ஒரு சகாப்தம் முடிந்தது' என்பது சரியான தமிழா?

இலக்கணப் பிழை ஏதும் இல்லை, பொருளும் விளங்குகிறது. பெரியவர் ஒருவர் மறைந்ததும் இத்தொடர் தலைப்பாக வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்குள்ள தயக்கம் வேறு. சகாப்தம் தொடங்குவதற்காகப் பிறந்த சொல். ஒரு நாளைக் குறித்து, அதிலிருந்து எண்ணிக்கொண்டே போவதுதான் அதன் வேலை. அதை ஏறத்தாழ முழுவதும் முடிவுகளுக்கே பயன்படுத்துகிறோம். மேலும், ஆண்டுதோறும் பத்துச் சகாப்தங்கள் முடிந்தால், அவற்றுள் ஒன்றும் சகாப்தமாக இருந்திருக்க முடியாது.

மறைவையும் சகாப்தத்தையும் இணைப்பதில் தவறில்லை என்பதற்குப் பௌத்தரின் ஆண்டுக் கணக்கு நல்ல சான்று. இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வழங்கும் புத்த ஆண்டுத் தொடர் புத்தரின் பிறப்பிலிருந்து எண்ணப்படுவதில்லை. அவரது பரிநிர்வாணத்திலிருந்து எண்ணப்படுகிறது. அங்கே மறைவோடு சகாப்தம் முடியவில்லை, தொடங்கியது. இரங்கல் எழுதுபவர், மறைந்தவருக்குப் பின் அந்தத் துறையில் வேலைகள் வேறுவிதமாக நடக்கப்போகின்றன என்று காட்ட முடிந்தால் அத்தொடரைத் தாராளமாக எழுதலாம். காட்ட முடியாவிட்டால், அவர் செய்த பணியைச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

'அவர் ஒரு சகாப்தம்' என்பதில் மனிதரையே காலமாகச் சொல்வது எந்த இலக்கணம்?

காலத்தின் பெயர் அக்காலத்துக்குரிய பொருளுக்கு ஆகிவருவது காலவாகுபெயர். கார் என்னும் பருவப் பெயர் அப்பருவத்து நெல்லைக் குறிப்பது அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. அந்த வரிசையில் இதையும் வைக்கச் சிலர் விரும்பலாம். ஆனால் இங்கே பெயர் இடம் மாறவில்லை. 'அவர்' என்ற எழுவாயும் உடன் நிற்கிறது. ஆதலால் இதை உருவகம் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

இதற்குத் தமிழ்ச்சொல் இல்லையா?

ஒரே சொல் இல்லை, பொருளுக்கேற்பப் பல உண்டு. ஆண்டுக் கணக்கைக் குறிக்க 'ஆண்டு' என்பதே போதும்: கொல்லம் ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு, சக ஆண்டு. கி.பி., கி.மு. என்பவற்றுக்கு மாற்றாகப் 'பொது ஊழி' என்னும் ஆக்கம் இணையக் கலைக்களஞ்சியங்களில் பரவியுள்ளது. 'பொது ஆண்டு' என்றும் எழுதுகின்றனர். ஊழி என்பதற்கு உலகமுடிவு என்ற நினைவு ஒட்டியிருப்பதால் எனக்குப் பின்னதே பிடிக்கிறது. திருப்பம் என்ற பொருளில் வரும் சகாப்தத்துக்குப் 'புதுக்காலம்', 'புதிய காலம்' என்பன பெரும்பாலும் ஈடுகொடுக்கும்.

எழுத்திலும் ஒலிப்பிலும் கவனிக்க வேண்டியது என்ன?

சகாப்தம் என்பதே நிலைபெற்ற வடிவம். 'சஹாப்தம்' என்று ஹகரம் இட்டு எழுதுவதற்கு மூலத்தில் இடமில்லை. உருபேற்கும்போது சகாப்தத்தை, சகாப்தத்தில், சகாப்தங்கள் என்று இயல்பாக வரும். சப்தம் என்பதோடு உறவில்லை.

சக ஆண்டு இன்றும் வழக்கில் இருக்கிறதா?

இருக்கிறது. மேக்நாத் சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச் 22-ஆம் நாள், சக 1879 சைத்திரம் முதல் நாளாக, இந்தியத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. லீப் ஆண்டுகளில் சைத்திரம் மார்ச் 21-இல் பிறக்கும். மைய அரசின் அரசிதழில் இரு தேதிகளும் சேர்ந்தே அச்சாகின்றன. தமிழ்நாட்டு வருவாய்த்துறை ஆவணங்களில் காணும் பசலி இதிலிருந்து வேறானது; சூலை முதல் நாளில் தொடங்கும் அக்கணக்கின் எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய கி.பி. ஆண்டு வரும்.

வரலாற்றுப் புதினம் எழுதுகிறேன். சோழ மன்னன் ஒருவன் 'இன்றோடு புதிய சகாப்தம் பிறக்கிறது' என்று முழங்கலாமா?

அவன் காலத்தில் அச்சொல்லுக்கு நாம் கொடுக்கும் பொருள் கிடையாது. அச்சொல்லை அறிந்த அவையோர் அதைச் சகரின் ஆண்டாகவே கேட்டிருப்பர். அந்தக் கணக்கைத் தம் கல்வெட்டுகளில் விரும்பி எழுதியவர்களோ சாளுக்கியர். சோழன் வாயில் சாளுக்கியர் கணக்கு வருவது, நகைச்சுவைக்காக இல்லையென்றால், பொருந்தாது. முடிசூடிய நாளில் அவன் 'நமக்கு யாண்டு ஒன்று' என்று சொன்னால் போதும். ஓலை எழுதுவோர் மற்றதைப் பார்த்துக்கொள்வர்.